மாறுமென்னுந் துணிபும் மாற்றுஞ் செயலும்

மனிதர் இயற்றும் முயற்சிகட்கெல்லாம் அடிப்படையாக ஒரு நம்பிக்கை உண்டு. உழவன் முளைக்குமென்று நம்பியே விதைக்கின்றான். மருத்துவன் பிணி நீங்குமென்று நம்பியே மருந்தளிக்கின்றான். ஆசிரியர் மாணவனது அறிவு வளருமென்று நம்பியே நாடோறுங் கற்பிக்கின்றார். மாறவே மாறாதென்று உறுதியாக எண்ணிய ஒன்றை மாற்றப் புகுவார் எவருமிலர். ஆகலின், உலகிற்கு ஓரிடர் நேர்ந்தவிடத்து, மக்கள் அதனை எவ்வளவு அறிந்துள்ளார்கள் என்று வினவுதல் மட்டும் போதாது. அது மாறத்தக்கதென்று கருதுகின்றனரா, மாறத்தகாததென்று கருதுகின்றனரா என்பதனையும் ஆராய்தல் வேண்டும். பூமியின் தட்பவெப்பநிலை திரிந்துவரும் இந்நாளில், மாற்றத்தைப் பற்றி இளைஞரது உள்ளத்தில் நிலவும் எண்ணங்கள் அவர்தஞ் செயலை எங்ஙனம் தூண்டுகின்றன, எங்ஙனம் தடுக்கின்றன என்பதனை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் இடரின் தன்மையைச் சுருக்கமாக நோக்குவோம். நிலக்கரி, பெட்ரோல், இயற்கைவாயு முதலியவற்றை எரிப்பதனாலும் காடுகளை அழிப்பதனாலும் காற்றிலே கரியமிலவாயு பெருகுகின்றது. வெயிலால் சூடேறிய நிலமும் கடலும் வெளிவிடும் வெப்பத்தில் ஒரு பகுதியை இவ்வாயு போர்வை போலத் தடுத்து நிறுத்துகின்றது. யந்திரத்தொழில் பரவுதற்கு முன்னர்க் காற்றின் பத்துலட்சம் பங்கில் ஏறத்தாழ 280 பங்காக இருந்த கரியமிலவாயு, 2024-ஆம் ஆண்டில் 420 பங்கிற்கு மேற்பட்டுவிட்டது. உலகின் சராசரி வெப்பநிலை, யந்திரத்தொழிற் காலத்திற்கு முன்னிருந்த அளவினின்று 2 டிகிரிக்கு மிகவுங் கீழேயே நிற்றல் வேண்டுமென்றும், இயன்றவரை 1.5 டிகிரியைத் தாண்டாதிருக்க முயலல் வேண்டுமென்றும் 2015-ஆம் ஆண்டு பாரிஸ் நகரத்து உடன்படிக்கையில் நாடுகள் இசைந்தன. 2024-ஆம் ஆண்டோ அவ்வுயர்வு 1.5 டிகிரியைக் கடந்த முதல் ஆண்டாயிற்று. உடன்படிக்கையின் எல்லை பல ஆண்டுகளின் சராசரியைக் கொண்டு அளக்கப்படுவதாதலின், ஓராண்டில் நேர்ந்தமை கொண்டு எல்லை கடந்ததென முடிவுகட்டுதல் பொருந்தாது. ஆயினும் எல்லையை நெருங்கிவிட்டோம் என்பதில் ஐயமில்லை.

இச்செய்தி இளைஞர் உள்ளத்தை எவ்வாறு தாக்கியுள்ளது? 2021-ஆம் ஆண்டில், 16 முதல் 25 வரை வயதுள்ள 10,000 பேரை, இந்தியா உட்பட 10 நாடுகளில் வினவியறிந்த ஆராய்ச்சியொன்று வெளியாயிற்று. அவர்களுள் நூற்றுக்கு 59 பேர் தட்பவெப்ப மாறுதலைக் குறித்து மிகுந்த கவலையுற்றிருந்தனர். எதிர்காலம் அச்சந் தருவதாக உள்ளதென்றோர் நூற்றுக்கு 75 பேர். மனிதகுலம் அழிவிற்கே உரியதென்னும் கூற்றை ஒப்புக்கொண்டோர் நூற்றுக்கு 56 பேர். இவ்வெண்ணங்களால் தம் அன்றாட வாழ்வே குலைவுறுகின்றதென்று கூறினோர் நூற்றுக்கு 45 பேர். உண்ணவும் உறங்கவும் படிக்கவும் இயலாதவாறு இளைஞரை ஒரு கவலை பற்றியிருக்குமாயின், அதனை இளமையின் மிகையுணர்ச்சியென்று தள்ளுதல் முறையன்று.

கவலைப்படுதல் குற்றமன்று. தீப்பற்றிய வீட்டிலே அஞ்சாதவன் அறிவுடையோனாகான். ஆனால் அஞ்சியவர்களுள் ஒருவன் நீர்க்குடத்தை எடுக்கின்றான். மற்றொருவன் திகைத்து நிற்கின்றான். இவ்வேற்றுமைக்குக் காரணம் யாது? அச்சத்தின் அளவன்று, மாற்றத்தைப் பற்றி அவரவர் கொண்ட எண்ணமே என்பது எமது கருத்து. அவ்வெண்ணங்களை மூவகையாகப் பகுக்கலாம். எதுவும் இனி மாறாதென்பது ஒன்று. எல்லாந் தாமே மாறிவிடுமென்பது மற்றொன்று. நாம் கூடி முயன்றால் ஓரளவேனும் மாற்றலாமென்பது மூன்றாவது. முதலிரண்டும் ஒன்றற்கொன்று முற்றும் மாறானவை போலத் தோன்றும். விளைவிலோ இரண்டும் உடன்பிறந்தவையே. இரண்டும் கைகட்டி வீற்றிருக்கவே கற்பிக்கின்றன.

உளநூலார் இதுபற்றிக் கூறுவன நோக்கத்தக்கன. தன் செயலாற் பயன் விளையுமென்று ஒருவன் தன்னைப்பற்றிக் கொண்டுள்ள நம்பிக்கையே, அவன் ஒரு செயலைத் தொடங்குவானா, இடையூறு வந்தபோது எத்துணைக் காலம் விடாது நிற்பான் என்பவற்றை உறுதிசெய்வதென ஆல்பர்ட் பண்டூரா என்னும் அறிஞர் 1977-ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினார். பின்னர் அவர், தனிமனிதர்க்கு மட்டுமேயன்றிக் கூட்டங்கட்கும் இத்தகைய நம்பிக்கை உண்டென்று விளக்கினார். அறிவுத்திறன் பிறவியில் அமைந்த மாறாப் பொருளென்று கருதும் மாணவனுக்கும், அது பயிற்சியால் வளர்வதென்று கருதும் மாணவனுக்கும் தோல்வி நேர்ந்தபோது தோன்றும் வேறுபாட்டைக் கரோல் டுவெக் என்னும் அம்மையார் நெடுங்காலம் ஆராய்ந்தனர். முன்னவன் தோல்வியைத் தன்மேல் எழுதிய தீர்ப்பாகக் கொள்கின்றான். பின்னவன் இன்னும் கற்கவேண்டியதைக் காட்டும் குறியாகக் கொள்கின்றான். மாணவனது அறிவிற்குப் பொருந்திய இவ்வுண்மை உலகிற்கும் பொருந்துமா என்று பின்வந்தோர் ஆராய்ந்தனர். உலகம் மாறத்தக்கதென்று எண்ணுவோரிடமே இயற்கையைக் காக்கும் நாட்டம் மிகுந்து காணப்படுவதாக அவ்வாராய்ச்சிகள் காட்டுகின்றன.

அற்றேல், இளைஞர்க்கு எவ்வாற்றானும் நம்பிக்கையூட்டிவிட்டாற் போதுமோ எனின், போதாது. நம்பிக்கையிலும் மெய்யானதும் போலியானதும் உண்டு. சுவீடன் நாட்டு ஆராய்ச்சியாளராகிய மரியா ஓயாலா என்னும் அம்மையார், அந்நாட்டுப் பதின்ம வயதினரையும் இளைஞரையும் ஆராய்ந்து 2012-ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையில் இதனைத் தெளிவாக்கினார். இடரின் பெருமையை ஒப்புக்கொண்டு, ஆயினும் செய்யத்தக்கன உள என்று கொள்ளும் நம்பிக்கை ஒருவகை. இடரே அத்துணைப் பெரிதன்றெனத் தள்ளி மனத்தை ஆற்றிக்கொள்ளும் நம்பிக்கை மற்றொருவகை. முன்னதை உடையோர் இயற்கைக்கு நலந்தருஞ் செயல்களில் மிகுதியும் ஈடுபட்டனர். பின்னதை உடையோர் குறைவாகவே ஈடுபட்டனர். உண்மையை மறைத்துத் தரும் ஆறுதல் செயலுக்கு உரமாகாது, தடையே ஆகுமென்பது இதனாற் பெறப்படும்.

இனி, எதுவும் மாறாதென்போர் கூற்றை ஆராய்வோம். அவர் பெரும்பாலும் ‘காலங் கடந்துவிட்டது’ என்பர். தட்பவெப்ப மாறுதல் ஒரே நொடியில் அடைபட்டுவிடும் கதவு போன்றதாயின் அக்கூற்று பொருந்தும். அஃது அத்தகையதன்று, படிப்படியாக ஏறும் நீர்மட்டம் போன்றது. உலகநாடுகளின் தட்பவெப்ப ஆராய்ச்சிக் குழு 2018-ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கை, வெப்பம் 1.5 டிகிரி உயரின் வெதுவெதுப்பான கடல்களிலுள்ள பவழப்பாறைகளில் நூற்றுக்கு 70 முதல் 90 பங்கு வரை அழியுமென்றும், 2 டிகிரி உயரின் 99 பங்கிற்கு மேல் அழியுமென்றும் கூறுகின்றது. அரை டிகிரி என்பது காய்ச்சலை அளக்குங் கருவியிற் சிறு கோடு. பவழப்பாறைக்கோ சிறிதளவேனும் எஞ்சுதற்கும் முற்றும் ஒழிதற்கும் உள்ள தூரம். எனவே, 1.5 டிகிரியைக் காக்க இயலாது போயினும் 1.6 டிகிரியைக் காத்தல் பொருளுடைத்து. அதுவுந் தவறின் 1.7 டிகிரியைக் காத்தல் பொருளுடைத்து. ‘காலங் கடந்தது’ என்று சொல்லத்தக்க நாள் இவ்விடரில் ஒருபோதும் வாராது. ‘இன்னும் சிறிது முன்னரே செய்திருக்கலாம்’ என்று சொல்லத்தக்க நாளே நாடோறும் வருகின்றது.

நம்மவருள் சிலர் இதனை விதியின்மேல் ஏற்றுவர். திருக்குறளின் 38-ஆம் அதிகாரம் ஊழைப் பற்றியது. அதே நூலின் 62-ஆம் அதிகாரம் ஆள்வினையுடைமை என்னும் தலைப்பினது. ஊழின் வலியை உணர்ந்த பெருநாவலரே ஓயா முயற்சிக்கும் ஓரதிகாரம் வகுத்தாராயின், ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறைத்தல் நம் முன்னோர் நெறியன்று.

இனி, எல்லாந் தாமே மாறிவிடும் என்போரை நோக்குவோம். இவர், விஞ்ஞானம் ஏதேனும் ஒரு வழி காணுமென்று கூறி அமைவர். இதற்குச் சான்றாக இவர் காட்டக்கூடியது, சூரிய ஒளியினின்று மின்சாரம் எடுக்கும் தகடுகளின் விலைக் குறைவாகும். 2010 முதல் 2019 வரையுள்ள காலத்தில் அம்மின்சாரத்தின் அடக்கவிலை நூற்றுக்கு 85 பங்கு குறைந்தது உண்மையே. ஆனால் அது தானே குறைந்ததன்று. ஜெர்மனி நாடு 2000-ஆம் ஆண்டிலே, இத்தகைய மின்சாரத்தை உற்பத்தி செய்வோர்க்கு உறுதியான விலை தருதல் வேண்டுமென்று சட்டமியற்றிற்று, வாங்குவோர் பெருகினர், சீனநாட்டுத் தொழிற்சாலைகள் பெருமளவிற் செய்யத் தொடங்கின, செய்யச் செய்யச் செலவு குறைந்தது. ஒவ்வொரு படியிலும் யாரோ ஒருவர் முடிவு செய்தார், யாரோ ஒருவர் உழைத்தார். தூரத்திலிருந்து நோக்குவார்க்குத் தானே நிகழ்ந்ததாகத் தோன்றும் மாற்றம், அருகே சென்று நோக்கின் பலருடைய கைகளாற் செய்யப்பட்டதாகவே இருக்கும்.

ஓசோன் வரலாறும் இதனையே உணர்த்துகின்றது. குளிர்ப்பெட்டிகளிலும் தெளிப்புக் குப்பிகளிலும் வழங்கிய குளோரோபுளூரோ கார்பன் என்னும் பொருள்கள், ஞாயிற்றின் தீய கதிர்களைத் தடுக்கும் ஓசோன் படலத்தை அழிக்கக்கூடுமென்று மாரியோ மொலினா, ஷெர்வுட் ரோலண்ட் என்னும் இரு இரசாயன நூலறிஞர் 1974-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அப்பொருள்களைச் செய்வோர் மறுத்தனர். 1985-ஆம் ஆண்டில் தென்துருவத்தின் மேலே ஓசோன் பெரிதும் குறைந்திருத்தலைப் பிரிட்டிஷ் ஆராய்ச்சியாளர் கண்டறிந்தனர். 1987-ஆம் ஆண்டு மாண்ட்ரீல் நகரில் உடன்படிக்கை எழுந்தது. காலப்போக்கில் உலகநாடுகள் அனைத்தும் அதனை ஏற்றன. விலக்கப்பட்ட பொருள்களில் நூற்றுக்கு 99 பங்கு ஒழிந்துவிட்டது. இந்நெறியே தொடருமாயின் தென்துருவத்தின் மேலுள்ள படலம் 2066-ஆம் ஆண்டளவில் 1980-இல் இருந்த நிலையை எய்துமென்று அறிஞர் கணித்துள்ளனர். கரியமிலவாயுவின் சிக்கல் இதனினும் மிகப் பெரிது. நம் அடுப்பு, விளக்கு, ஊர்தி, தொழில் அனைத்தோடும் அது பிணைந்துள்ளது. ஆகவே இரண்டையும் ஒரே தன்மையவென்று கூறேம். ஆயினும், உலகநாடுகள் ஒருகாலும் ஒன்றுபடா என்னும் கூற்று பொய்யென்பதற்கு இஃதொரு சான்றாக நிற்கின்றது.

‘யான் ஒருவன் விரும்பி என் பயன்? பிறர் விரும்பவில்லையே’ என்பது இளைஞரிடம் அடிக்கடி கேட்கப்படும் மற்றொரு கூற்று. இதுவும் ஆராயப்பட்டுள்ளது. 125 நாடுகளில் ஏறத்தாழ 1,30,000 பேரை வினவி 2024-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியின்படி, தட்பவெப்பநிலையைக் காத்தற்குத் தம் வருமானத்தில் நூற்றில் ஒரு பங்கை மாதந்தோறும் கொடுக்க இசைந்தோர் நூற்றுக்கு 69 பேர். தம் நாட்டில் எத்துணைப் பேர் அங்ஙனம் இசைவர் என்று அவர்களையே வினவியபோது, நூற்றுக்கு 43 பேரே இசைவர் என்பது அவர்களது சராசரி மதிப்பாயிற்று. பெரும்பான்மையோர் தம்மைச் சிறுபான்மையோரென்று கருதி வாளா இருக்கின்றனர்! பிறர் மாறார் என்னும் தவறான எண்ணமே பிறரை மாறாதிருக்கச் செய்கின்றது. ஒருவர் வாய்திறந்து சொல்லுதலே இக்கட்டை அவிழ்க்கும் முதற்செயலாகும்.

இது நிற்க. மூன்றாம் வகை எண்ணமாகிய, கூடி முயன்றால் மாற்றலாம் என்னுந் துணிபு, மாணவர் கையில் எவ்வுருவெடுக்கும் என்பதற்கு ஒரு மெய்வரலாறு கூறுவோம்.

பசிபிக் மாகடலில் வனுவாட்டு என்னும் தீவுநாடு உள்ளது. உலகின் கரியமிலவாயுப் பெருக்கத்தில் அந்நாட்டின் பங்கு மிகமிகச் சிறிது. துன்பத்தில் அதன் பங்கோ மிகப் பெரிது. 2015-ஆம் ஆண்டு பாம் என்னும் பெரும்புயல் அதனைச் சூறையாடியது. 2023 மார்ச்சு மாதத்தில் இரு புயல்கள் சில நாட்கள் இடையிட்டு அடுத்தடுத்துத் தாக்கின. அந்நாட்டின் தலைநகராகிய போர்ட் விலாவில் தென்பசிபிக் பல்கலைக்கழகத்தின் சட்டக்கல்விப் பகுதி நடைபெறுகின்றது. 2019-ஆம் ஆண்டில் அங்குப் பயின்ற பல தீவுகளைச் சேர்ந்த 27 மாணவர் ஒரு கழகமாகக் கூடினர். கடலேற்றத்தைத் தடுத்தல் அவர்களால் ஆவதன்று; வல்லரசுகளின் ஆலைகளை நிறுத்துதலும் ஆவதன்று. ஆனால் அவர்கள் கற்றுவந்த சட்டநூலில் ஒரு வழி இருந்தது. ஐக்கிய நாடுகளின் பொதுச்சபை வேண்டிக்கொள்ளின், தி ஹேக் நகரத்துச் சர்வதேச நீதிமன்றம் எந்தச் சட்டவினாவிற்கும் தன் கருத்தை உரைக்கலாம். தட்பவெப்பநிலையைக் காத்தற்கு நாடுகளுக்குள்ள சட்டக் கடமை யாதென்று அந்நீதிமன்றத்தைக் கேட்பித்தல் வேண்டுமெனப் பசிபிக் நாட்டுத் தலைவர்கட்கு அம்மாணவர் கடிதம் எழுதினர்.

இவ்வழி புதியதன்று. பலாவு என்னும் மற்றொரு தீவுநாடு 2011-ஆம் ஆண்டிலேயே இதனை முயன்று, நிறைவேற்ற இயலாது நின்றது. முன்னர்த் தோற்ற முயற்சியாயிற்றே என்று அம்மாணவர் கைவிட்டாரல்லர். வனுவாட்டு அரசாங்கம் அவர்தம் வேண்டுகோளை ஏற்று, 2021-ஆம் ஆண்டில் அதனை உலகறியக் கூறிற்று. பிற நாட்டு இளைஞரும் சேர்ந்தனர். நாடுநாடாக ஆதரவு திரட்டப்பட்டது. 2023 மார்ச்சு 29-ஆம் நாள் ஐக்கிய நாடுகளின் பொதுச்சபை, 130-க்கு மேற்பட்ட நாடுகள் உடன்முன்மொழிய, அத்தீர்மானத்தை எதிர்ப்பின்றி நிறைவேற்றியது. 2024 டிசம்பரில் நீதிமன்றம் பல நாடுகளின் வாதங்களைக் கேட்டது. 2025 ஜூலை 23-ஆம் நாள் நீதிபதிகள் ஒருமனதாகத் தங்கருத்தை வெளியிட்டனர். தட்பவெப்பநிலையைக் காத்தல் நாடுகளின் சட்டக் கடமையென்றும், அக்கடமையினின்று வழுவுதல் சர்வதேசச் சட்டத்திற்கு மாறான செயலென்றும், அதனின்று பொறுப்பு எழுமென்றும் அவர் உரைத்தனர். வகுப்பறையில் எழுந்த ஒரு வினா ஆறாண்டுகளில் உலகின் தலைமை நீதிமன்றத்தில் விடைபெற்றது.

இவ்வெற்றியை மிகைப்படுத்துதல் தகாது. அந்நீதிமன்றத்தின் கருத்து, தீர்ப்பைப் போல நாடுகளைக் கட்டுப்படுத்துவதன்று. அது வெளியானதனால் ஓர் ஆலையின் புகையும் அன்றே அடங்கிவிடவில்லை. நிலக்கரி முதலிய எரிபொருள்களினின்று எழுந்த கரியமிலவாயு, 2024-ஆம் ஆண்டில், முன்னை எவ்வாண்டினும் மிகுதியாகவே இருந்தது. எனினும், இனி வழக்காடுவோர்க்கும் சட்டமியற்றுவோர்க்கும் ஊன்றி நிற்க ஓரிடங் கிடைத்துள்ளது. மாற்றம் பெரும்பாலும் இவ்வாறே வருகின்றது. கட்டிடம் முழுதும் ஒருநாளில் எழுவதில்லை, ஒரு கல் வைக்கப்படுகின்றது.

இவ்வரலாற்றினின்று நாம் கற்பன மூன்று. முதலாவது, அம்மாணவர் தம் ஆற்றலுக்கு எட்டிய ஒரு மாற்றத்தைத் தேர்ந்தனர். ‘உலகைக் காப்போம்’ என்னும் பேரெண்ணம் விரைவில் சோர்வு தரும். ‘இவ்வினாவைக் கேட்பிப்போம்’ என்பது செய்யத்தக்கது. இரண்டாவது, அவர் தனித்து நின்றாரல்லர். தனியொருவன் தன் அறையின் மின்விளக்கை அணைப்பது நல்லதே. ஆயினும் பலர் கூடி ஒரு சட்டத்தையோ வழக்கத்தையோ மாற்றும்போதே நம்பிக்கை பெருகுகின்றது. மூன்றாவது, நம்பிக்கை முழுதும் நிரம்பிய பின்னரே செயல் தொடங்கும் என்பதில்லை. சிறு செயல் சிறு பயனைத் தருகின்றது. அப்பயன் நம்பிக்கையை வளர்க்கின்றது. வளர்ந்த நம்பிக்கை பெருஞ் செயலுக்குத் துணிகின்றது. எனவே, ‘எனக்கு நம்பிக்கையில்லை, ஆதலாற் செய்யேன்’ என்னும் மாணவனுக்கு நாம் கூறத்தக்கது, ‘நம்பு’ என்பதன்று. ‘வா, இதனைச் சேர்ந்து செய்வோம்’ என்பதே.

ஈண்டுப் பெரியோர்க்கும் ஒரு சொல் கூறுதல் கடன். முற்கூறிய 2021-ஆம் ஆண்டு ஆராய்ச்சியில், அரசாங்கங்கள் இளைஞரைக் கைவிடுகின்றன என்றோர் நூற்றுக்கு 65 பேர். வாக்குக் கொடுத்தோர் அதனைக் காவாவிடின், மாற்றம் வரும் என்னும் எண்ணம் இளைஞர் உள்ளத்தில் எவ்வாறு வேரூன்றும்? ‘நீங்களே எதிர்கால நம்பிக்கை’ என்று இளைஞரைப் புகழ்ந்துவிட்டுத் தம் பொறுப்பைக் கழித்துக்கொள்ளுதல், எல்லாந் தாமே மாறும் என்பதன் மற்றோருருவே. ஆலைகளையும் அலுவலகங்களையும் நடத்தும் பழைய மாணவர் பலர் உளர். அவர் இன்று செய்யும் ஒரு முடிவு, மாணவர் ஓராண்டு முழுதும் பாடுபட்டுச் செய்வதனினும் மிக்க பயன் தரலாம்.

கல்லூரிக்கும் இதிற் பணியுண்டு. வெப்பம் உயர்வதைப் பௌதிக நூல் கற்பிக்கின்றது. அதனோடு, மக்கள் முயன்று மாற்றியவற்றின் வரலாறும் கற்பிக்கப்படுதல் வேண்டும். ஓசோன் உடன்படிக்கை எவ்வாறு எழுந்தது, எவர் எதிர்த்தனர், எவ்வாறு இசைந்தனர் என்பன இரசாயன வகுப்பிற்கும் உரியன, வரலாற்று வகுப்பிற்கும் உரியன. விடுதியின் மின்செலவை மாணவர் தாமே மாதந்தோறும் அளந்து, குறைக்கும் வழி கண்டு, அடுத்த ஆண்டில் ஒப்புநோக்குவராயின், மாற்றத்தைக் கண்ணாற் காணும் வாய்ப்பு அவர்க்குக் கிடைக்கும். தொகை சிறிதாயிருக்கலாம். ஆயின் ஒருமுறை தன் முயற்சியால் ஒரு கணக்கு மாறியதைக் கண்டவனிடம், எதுவும் மாறாதென்னும் பேச்சு எளிதிற் செல்லாது.

மாணவ நண்பர்களே! உலகம் நலமாகவே முடியுமென்று யாம் உறுதி கூறேம். அங்ஙனம் உறுதி கூறவல்லார் எவருமிலர். அழிவே முடிவென்று உறுதி கூறுவார்க்கும் அவ்வதிகாரம் இல்லை. இவ்விரண்டிற்கும் இடையே அகன்று கிடக்கும் நிலமே நம் உழவுக்கு உரியது. எத்துணை டிகிரி, எத்துணைத் தீவுகள், எத்துணை உயிர்கள் என்பன இன்னும் எழுதி முடிக்கப்படாத கணக்குகள். அக்கணக்கை எழுதுவாருள் நாமும் சிலர் என்று உணர்ந்து, அவரவர் கற்ற கல்வியால் அவரவர்க்கு எட்டிய ஒன்றைத் தேர்ந்து, பிறரோடு கூடித் தொடங்குவோமாக.